நாட்டை இழந்து நகரை ஆண்ட குலம்: போன்ஸ்லேக்களின் தஞ்சாவூர்

தக்காணத்துச் சுல்தான்களிடம் படைத்தலைவர்களாகவும் ஜாகிர்தார்களாகவும் இருந்து மேலெழுந்த மராட்டிய போன்ஸ்லே குடும்பத்தின் ஒரு கிளை, 1676ஆம் ஆண்டையொட்டித் தஞ்சாவூரில் அரியணை ஏறி 1855 வரை அங்கே நிலைத்திருந்தது. ஜாகிர் என்பது படைப்பணிக்கு ஈடாக ஒரு பகுதியின் வரி வருவாயைத் தண்டிக்கொள்ளும் உரிமை. அந்த உரிமையைத் தாண்டி மண்ணோடு உறவு எதுவும் இல்லாமல் வந்த குடும்பம் இது. தொடக்கத்தில் காவிரிப் படுகையின் பெரும்பகுதி அதன் ஆட்சிக்குள் இருந்தது. பின்னர் கடற்கரைத் துறைமுகங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. கடைசி ஐம்பத்தாறு ஆண்டுகளில் கோட்டைக்குள்ளும் அதைச் சுற்றியும் மட்டுமே மன்னரின் சொல் செல்லுபடியானது. ஆனால் அரசின் எல்லை சுருங்கிய வேகத்துக்கு நேர்மாறாக, நகரத்துக்குள் அது நிறுவியவற்றின் எண்ணிக்கையும் தரமும் ஏறிக்கொண்டே சென்றன. நூலகம், அச்சகம், மருத்துவ ஆய்வகம், நாட்டியத்தின் வரிசைமுறை, கருநாடக இசையில் பிடில் என்று தஞ்சாவூரின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருப்பவற்றில் பெரும்பாலானவை, அரசு என்ற சொல்லுக்குப் பொருளே இல்லாமற்போன காலத்தில் உருவானவை.

தஞ்சாவூர் சோழர் தலைநகரம் என்பது வரலாற்று உண்மையே. ஆனால் அந்தத் தலைநகரத்தில் 1010இல் முடிக்கப்பெற்ற பெருவுடையார் கோயில் நீங்கலாகக் கண்ணுக்குத் தெரிவது மிகக் குறைவு. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழ நாட்டின்மீது படையெடுத்தபோது தஞ்சை நகரம் எரிக்கப்பட்டது. அரண்மனை எங்கிருந்தது என்பதே இன்று ஊகத்துக்குரியது. 1532ஆம் ஆண்டளவில் விஜயநகரப் பேரரசின் சார்பில் ஆட்சிக்கு வந்த சேவப்ப நாயக்கரும் அவர் வழியினரும்தான் கோட்டை, அகழி, அரண்மனை ஆகியவற்றோடு இன்றைய நகரத்துக்கு அடித்தளமிட்டனர். பெரிய கோயிலையும் சிவகங்கைக் குளத்தையும் உள்ளடக்கிய சின்னக் கோட்டை, அரண்மனையையும் நான்கு வீதிகளையும் உள்ளடக்கிய பெரிய கோட்டை என இரு பகுதிகளாக அமைந்த அந்த நாயக்கர் நகரத்தைத்தான் போன்ஸ்லேக்கள் கைப்பற்றினர். ஆகவே அவர்கள் புதிதாக ஊர் எடுத்தவர்கள் அல்லர். கட்டிய வீட்டுக்குக் குடிவந்து, அதன் உட்புறத்தை அடியோடு மாற்றியமைத்தவர்கள்.

வந்த வழி பெருமைப்படத்தக்கதாக இல்லை. 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படையோடு நடந்த போரில் தஞ்சையின் கடைசி நாயக்க மன்னர் விஜயராகவர் மாண்டார். மதுரையின் சார்பில் சொக்கநாதரின் தம்பி முறையினரான அழகிரி தஞ்சையை ஆண்டுகொண்டிருக்கையில், விஜயராகவரின் வழித்தோன்றலான செங்கமலதாசன் என்ற சிறுவனுக்காகப் பிஜப்பூர் சுல்தானின் உதவி நாடப்பட்டது. சுல்தான் அனுப்பிய படைத்தலைவர் ஏகோஜி. இவர் பெங்களூரை ஜாகிராகப் பெற்றிருந்த ஷாஜி போன்ஸ்லேயின் மகன். சத்ரபதி சிவாஜிக்கு மாற்றாந்தாய் வழித் தம்பி. நாயக்கர் குலத்துச் சிறுவனை அரியணையில் அமர்த்தி வருமாறு அனுப்பப்பட்டவர், சிறிது காலத்துக்குள் தாமே அமர்ந்துகொண்டார்.

அண்ணனோ இதை ஏற்கவில்லை. 1677இல் தென்னாட்டுப் படையெடுப்பில் வந்த சிவாஜி, தந்தையின் உடைமைகளில் தமக்குரிய பங்கைக் கேட்டார். கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில் சகோதரர்கள் சந்தித்தபோது பேச்சு முறிந்தது. ஏகோஜி இரவோடிரவாக ஆற்றைக் கடந்து தஞ்சைக்குத் திரும்பிவிட்டார். பின்னர் ஏகோஜியின் மனைவி தீபாபாய் தலையிட்டு உடன்பாடு ஏற்படுத்தினார் என்பதும், சிவாஜி அவருக்குச் சில ஊர்களைத் தனியே அளித்தார் என்பதும் மராட்டிய வரலாற்று நூல்கள் தரும் செய்தி. இந்தக் குடும்பப் பூசலின் விளைவு தஞ்சைக்கு நல்லதாகவே முடிந்தது. புனே, சதாரா ஆகிய மராட்டிய மையங்களின் அரசியலோடு இறுகப் பிணைக்கப்படாமல், தஞ்சைக் கிளை தன் வேர்களைக் காவிரிக் கரையிலேயே இறக்க வேண்டியதாயிற்று.

பல மொழிகள் பேசிய அரசவை

ஏகோஜியின் மகன் சகஜி 1684 முதல் 1712 வரை ஆண்டார். போரைவிடப் புலமையில் நாட்டம் மிகுந்த இந்த மன்னர் தெலுங்கில் பல இசை நாடகங்கள் இயற்றினார். திருவாரூர்த் தியாகேசரைப் பாடும் பல்லகி சேவா பிரபந்தம் அவற்றுள் புகழ் பெற்றது. ஒரே நாடகத்தில் சமஸ்கிருதம், தெலுங்கு, தமிழ், மராட்டி, இந்தி ஆகிய ஐந்து மொழிகளையும் பேசவைக்கும் பஞ்சபாஷா விலாசமும் அவர் பெயரில் வழங்குகிறது. கும்பகோணத்தை அடுத்த திருவிசநல்லூரை 1693இல் நாற்பத்தாறு அறிஞர்களுக்குக் கொடையாக அளித்து, அவ்வூருக்குச் சகஜிராஜபுரம் என்று பெயரிட்டதும் இவரே. அவருக்குப் பின் வந்த தம்பியருள் ஒருவரான முதலாம் துளஜா, இராகங்களின் இலக்கணத்தை விரிவாக ஆராயும் சங்கீத சாராம்ருதம் என்ற சமஸ்கிருத நூலை எழுதினார். நாயக்கர் காலத்தில் வேங்கடமகி வகுத்த 72 மேள அமைப்பு நடைமுறைக்கு எப்படிப் பயன்பட்டது என்பதை அறிய இன்றும் இசை ஆய்வாளர் புரட்டும் நூல் அது.

இந்த அரசவையின் மொழிக் கொள்கை தனித்துக் கவனிக்கத்தக்கது. கணக்கும் ஆணையும் மராட்டியில், அதுவும் மோடி என்ற விரைவெழுத்து வடிவில் எழுதப்பட்டன. இசையும் நாடகமும் பெரும்பாலும் தெலுங்கில் பிறந்தன. சாத்திரம் சமஸ்கிருதத்திலும், கோயில், மருத்துவம், குறவஞ்சி ஆகியவை தமிழிலும் நடந்தன. இதைப் பெருந்தன்மை என்று பாராட்டுவோர் உண்டு. தேவை என்று சொல்வதே பொருத்தம். மராட்டி பேசுவோர் படுகையில் மிகச் சிறுபான்மையினர். நாயக்கர் காலத்திலேயே வேரூன்றிவிட்ட தெலுங்குக் கலைஞர் குடும்பங்களும், கோயில்களையும் நிலத்தையும் கையில் வைத்திருந்த தமிழ்க் குடும்பங்களும் இல்லாமல் ஒருநாளும் ஆட்சி நகர்ந்திருக்காது. வந்தவர்கள் இருந்தவர்களின் மொழியில் பேசக் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பழக்கமே பின்னாளில் நகரத்தின் இயல்பாயிற்று. மராட்டியத் துறவி இராமதாசரின் மரபு மடங்களின் வழியே வந்த மராட்டிக் கீர்த்தன முறை, உள்ளூர்க் கதை சொல்லும் மரபோடு கலந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் கையில் கதாகாலட்சேபமாக உருப்பெற்றதும் இந்தக் கலப்பின் நீட்சிதான். சாம்பாரும் இந்த அரண்மனை அடுக்களையில் பிறந்ததே என்ற கதைக்கு ஊரில் இன்றும் மவுசு குறையவில்லை. சுவையான கதை என்ற அளவில் அதை விட்டுவிடலாம்.

கைமாறிய கடற்கரை

பதினெட்டாம் நூற்றாண்டின் அரசியல் இந்தக் குடும்பத்துக்குத் தோல்விகளின் பட்டியலாகவே அமைந்தது. தரங்கம்பாடி நாயக்கர் காலத்திலேயே, 1620இல், டேனிஷ்காரர்களுக்கும், நாகப்பட்டினம் 1658இல் டச்சுக்காரர்களுக்கும் போயிருந்தன. 1736க்கும் 1739க்கும் இடையில் வாரிசுச் சண்டையால் அரியணை அடிக்கடி கைமாற, அந்தக் குழப்பத்தில் பிரெஞ்சுக்காரர்கள் 1739இல் காரைக்காலைப் பெற்றனர். 1739இல் பிரதாபசிம்மன் ஆட்சிக்கு வந்து நிலைமையைச் சமாளித்தார் எனினும், 1749இல் தேவிக்கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆர்க்காட்டு நவாபோ தஞ்சை தனக்குத் திறை செலுத்த வேண்டிய நாடு என்று ஓயாமல் வாதாடி வந்தார்.

அந்த வாதத்தின் உச்சம் 1773. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் துணையோடு நவாப் முகம்மது அலி செப்டம்பர் மாதத்தில் தஞ்சைக் கோட்டையைப் பிடித்து, இரண்டாம் துளஜாவைச் சிறைவைத்தார். கைப்பற்றிய நாட்டின் விளைச்சலையும் வரியையும் ஈடுகாட்டிச் சென்னையில் இருந்த கம்பெனி ஊழியர்களிடமே அவர் கடன் வாங்கினார்; அவர்களுள் முதன்மையானவர் பால் பென்ஃபீல்டு என்ற வட்டிக்காரர். லண்டனிலிருந்து வந்த ஆணைப்படி ஆளுநர் பிகட் 1776 ஏப்ரலில் துளஜாவை மீண்டும் அரியணையில் அமர்த்தியபோது, தஞ்சை நெல்லின்மீது கடன்பத்திரம் வைத்திருந்தவர்கள் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை ஆட்சிக்குழுவின் பெரும்பான்மையினர் தம் ஆளுநரையே கைதுசெய்தனர். பிகட் 1777இல் காவலிலேயே இறந்தார். காவிரிப் படுகையின் ஒரு பட்டத்து நெல்லுக்காக ஒரு மாகாண ஆளுநர் சிறைப்பட்டு மடிந்தார் என்றால், அந்த மண்ணின் வளம் எத்தகையது என்பதையும், அதன் மன்னர் எவ்வளவு கையறுநிலையில் இருந்தார் என்பதையும் விளக்க வேறு சான்று தேவையில்லை. பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் 1785இல் ஆர்க்காட்டு நவாபின் கடன்களைப் பற்றி ஆற்றிய நீண்ட உரையிலும் இந்த விவகாரம் எதிரொலித்தது.

மீட்கப்பட்ட அரியணையோடு கம்பெனியின் காவற்படையும் நிரந்தரமாகக் கோட்டைக்குள் வந்தது. 1781இல் மைசூரின் ஹைதர் அலியின் படைகள் படுகையைச் சூறையாடின; குளங்களும் வாய்க்கால்களும் பாழாகி, உழுகுடிகள் ஊரைவிட்டு ஓடினர்.

இவ்வளவுக்கும் நடுவில் நகரத்தின் மேல வீதி மட்டும் நிரம்பிக்கொண்டிருந்தது என்பதுதான் விந்தை. நாயக்கர் நகர அமைப்பில் அரண்மனையைச் சுற்றி ஓடும் கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி ஆகிய நான்கும் ராஜவீதிகள். மேல வீதியும் வடக்கு வீதியும் சந்திக்கும் மூலையில் பிரதாபசிம்மன் எழுப்பிய அனுமார் கோயில் இருக்கிறது. ஊரார் அதை மூலை அனுமார் என்கின்றனர். காஞ்சியிலிருந்து பாதுகாப்புக்காகப் பல ஊர்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கடைசியில் திருவாரூரில் தங்கியிருந்த பங்காரு காமாட்சியின் பொற்சிலை, துளஜாவின் ஆதரவில் இதே வீதியில் கோயில் கொண்டது. சிலையோடு வந்த அர்ச்சகர் குடும்பத்துப் பிள்ளைதான் சங்கீத மும்மூர்த்திகளில் மூத்தவரான சியாமா சாஸ்திரி. அவர் வாழ்ந்த அதே வீதியில், அடுத்த தலைமுறையில், தஞ்சை நால்வர் எனப்பட்ட நட்டுவனார் சகோதரர்களின் வீடும் அமைந்தது. கோயில், மடம், இசைக் குடும்பம், நட்டுவனார் குடும்பம் என்று ஒரே வீதிக்குள் அடுத்தடுத்த வாசல்களில் இருந்தவர்கள் ஒருவர் வித்தையை மற்றவர் நாள்தோறும் காதால் கேட்டே வளர்ந்திருப்பார்கள். தஞ்சை இசைக்கும் தஞ்சை நாட்டியத்துக்கும் உள்ள பிணைப்பை இசை நூல்களில் தேடுவதைவிட இந்த வீதியின் அமைப்பில் தேடுவது பயன் தரும்.

பாதிரியாரின் மாணவர்

1787இல் ஆண் வாரிசு இல்லாமல் இறக்கும் தறுவாயில் இருந்த துளஜா, உறவுமுறையில் வந்த பத்து வயதுச் சிறுவனைத் தத்தெடுத்தார். அந்தச் சிறுவனே இரண்டாம் சரபோஜி. தத்து செல்லாது என்று கூறித் துளஜாவின் தம்பி முறையினரான அமரசிங் அரியணையைப் பெற்றதும், சிறுவனின் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்றவர் கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். 1750இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய இவர் தமிழ், மராட்டி, பாரசீகம் ஆகியவற்றில் பேசவல்லவர். ஹைதர் அலியிடம் தூது சென்றவர். ஓடிப்போன உழுகுடிகள் அதிகாரிகளின் சொல்லை நம்பாமல் இவர் சொல்லை நம்பி ஊர் திரும்பினர். 1793இல் சரபோஜி சென்னைக்கு அனுப்பப்பட்டு ஆங்கிலமும் அறிவியலும் கற்றார். தத்து செல்லும் என்ற புதிய தீர்ப்பு வந்ததும் கம்பெனி அமரசிங்கை இறக்கி, 1798 ஜூனில் சரபோஜியை அமர்த்தியது. அதற்குச் சில மாதங்களுக்கு முன் ஸ்வார்ட்ஸ் இறந்திருந்தார். அவர் நினைவாகச் சரபோஜி இங்கிலாந்துச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மனிடம் செய்வித்த சலவைக்கல் புடைப்புச் சிற்பம் சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. மரணப் படுக்கையில் இருக்கும் பாதிரியாரின் கையை அரசர் பற்றியிருக்க, அருகில் மாணவச் சிறுவர்கள் நிற்கின்றனர். இந்து மன்னர் ஒருவர் தம் ஆசிரியரான கிறிஸ்தவப் பாதிரியாருக்கு எடுத்த இந்தச் சிற்பத்தைச் சமய நல்லிணக்கம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது வழக்கம். மன்னர் கடைசிவரை சமயம் மாறவில்லை, பெரிய கோயில் திருப்பணியைக் கைவிடவும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய நன்றியுணர்வின் உண்மையான அளவு புலப்படும்.

பட்டமேற்றதற்கு விலை இருந்தது. 1799 அக்டோபர் 25ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையின்படி நாட்டின் நிர்வாகம், வரி, நீதி அனைத்தும் கம்பெனிக்குப் போயின. மன்னருக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் நட்சத்திர வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் ஒதுக்கப்பட்டன. நட்சத்திர வராகன் என்பது கம்பெனி வெளியிட்ட பொன் நாணயம். ஒன்றின் மதிப்பு ஏறத்தாழ மூன்றரை ரூபாய். படை வைக்கத் தேவையில்லை, போர்ச் செலவு இல்லை, வரி தண்டும் தொல்லை இல்லை. ஆனால் கையில் பணம் இருக்கிறது, மன்னர் என்ற பட்டமும் இருக்கிறது. இப்படி ஒரு நிலையில் சிக்கிய சுதேச மன்னர்களில் பலர் கேளிக்கையில் காலம் கழித்தனர். சரபோஜி அந்தத் தொகையைப் புத்தகங்களிலும் ஆட்களிலும் போட்டார்.

நாயக்கர் காலம் தொட்டே அரண்மனையில் சரஸ்வதி பண்டாரம் என்ற சுவடிச் சேமிப்பு இருந்தது. அதை இந்தியாவின் தலைசிறந்த சுவடி நூலகங்களில் ஒன்றாக்கியவர் சரபோஜி. 1820 முதல் 1822 வரை பெரும் பரிவாரத்தோடு மேற்கொண்ட காசி யாத்திரையின்போது வழியெங்கும் சுவடிகளை விலைக்கு வாங்கியும் படியெடுக்கச் செய்தும் சேர்த்தார். இன்று அங்கே உள்ள சுவடிகள் ஏறத்தாழ 49,000; பெரும்பகுதி சமஸ்கிருதம், எஞ்சியவை தமிழ், மராட்டி, தெலுங்கு முதலியன. இவற்றோடு ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் உள்ளிட்ட ஐரோப்பிய மொழிகளில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அச்சு நூல்களை அவர் வரவழைத்தார். பலவற்றில் அவருடைய ஆங்கிலக் கையொப்பம் இருக்கிறது. 1826இல் தஞ்சைக்கு வந்த கல்கத்தா பேராயர் ரெஜினால்ட் ஹீபர், இந்த மன்னர் லவாசியே, லின்னேயஸ் போன்ற ஐரோப்பிய அறிவியலாளர்களை மேற்கோள் காட்டிப் பேசியதை வியந்து எழுதினார்.

நூலகத்தைவிட நுணுக்கமாக ஆராயத்தக்கது தன்வந்திரி மகால். சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் ஆகிய நான்கிலும் வல்லவர்களை ஒரே கூரையின்கீழ் அமர்த்தி, மருந்துகளைச் செய்து, நோயாளிகளுக்குக் கொடுத்து, பலன் கண்டவற்றை மட்டும் பதிவுசெய்யும் நிறுவனமாக அது இயங்கியது. தேர்ந்த முறைகள் தமிழ்ச் செய்யுளாக்கப்பட்டுச் சரபேந்திர வைத்திய முறைகள் என்ற தொகுதிகளாயின. சரபேந்திரர் என்பது சரபோஜியின் இலக்கியப் பெயர். கண் நோயாளிகள் பற்றிய ஏடுகள் இன்னும் வியப்பூட்டுபவை. நோயாளியின் விவரம், கண்ணின் நிலை, அளித்த சிகிச்சை ஆகியவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, நோயுற்ற கண்ணின் வண்ணப் படமும் உடன் வரையப்பட்டிருக்கிறது. செய்யுளில் மருத்துவம் சொன்ன மரபும், ஒவ்வொரு நோயாளிக்கும் தனித் தாளில் குறிப்பு வைக்கும் ஐரோப்பிய முறையும் ஒரே நிறுவனத்துக்குள் ஒன்றையொன்று தள்ளிவிடாமல் இருந்தன. இந்தியாவில் அந்தக் காலத்தில் வேறெங்கும் இதற்கு இணையான முயற்சியைக் காண்பது அரிது.

1805இல் அரண்மனைக்குள் தேவநாகரி எழுத்துகளில் அச்சிடும் அச்சகம் ஒன்று நிறுவப்பட்டது. ஈசாப் கதைகளின் மராட்டி மொழிபெயர்ப்பு அதில் அச்சானது. நவவித்யா கலாநிதி என்ற பள்ளியில் மொழிகளோடு புதிய அறிவியலும் கற்பிக்கப்பட்டது. நெப்போலியனுக்கு எதிரான ஆங்கிலேயர் வெற்றியைக் கொண்டாடச் சாளுவநாயக்கன்பட்டினக் கடற்கரையில் எழுப்பிய மனோரா கோபுரத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஆண்டையின் வெற்றிக்கு அடங்கியவர் எடுத்த அடுக்குமாடி அது.

சத்திரங்களின் கதை அப்படிப்பட்டதன்று. இராமேசுவரம் செல்லும் பெருவழியில் இந்தக் குடும்பம், பெரும்பாலும் தன் குலப் பெண்டிரின் பெயரில், வரிசையாகச் சத்திரங்கள் கட்டியிருந்தது. 1801இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு, அதாவது அரசவையில் இருந்த கம்பெனியின் பிரதிநிதிக்கு, எழுதிய கடிதத்தில் சரபோஜி இவற்றின் வேலையை விளக்குகிறார். எல்லாச் சாதியாருக்கும் உணவு, நோயுற்ற வழிப்போக்கருக்கு வைத்தியம், பிள்ளை பெறும் பெண்களுக்குத் துணை, அனாதைக் குழந்தைகளுக்குக் காப்பும் கல்வியும் என்று நீளும் அந்தக் கடிதத்தின் உள்நோக்கம், நாட்டை எடுத்துக்கொண்ட கம்பெனி சத்திரங்களையும் அவற்றின் நிலங்களையும் எடுத்துக்கொள்ளலாகாது என்பதே. அந்த ஒரு வழக்கில் அவர் வென்றார். அவர் அன்புக்குரிய முத்தாம்பாளின் பெயரில் ஒரத்தநாட்டில் எழுந்த சத்திரம் தேர் வடிவில், அடித்தளத்தில் யானையும் குதிரையும் இழுக்கும் சக்கரங்களோடு இன்றும் நிற்கிறது; பல மொழிகள் கற்பிக்கும் பள்ளியும் அங்கே நடந்தது.

அரங்கமும் அடவும்

சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய நான்கு சகோதரர்களைத் தஞ்சை நால்வர் என்பர். நட்டுவாங்க மரபில் வந்து, சங்கீத மும்மூர்த்திகளில் மற்றொருவரான முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை கற்ற இவர்கள், சரபோஜியின் அவையிலும் அவர் மகன் இரண்டாம் சிவாஜியின் அவையிலும் பணிபுரிந்தபோது, கோயில்களிலும் அரண்மனையிலும் தேவதாசியர் ஆடிவந்த சதிர் ஆட்டத்தின் அடவுகளை முறைப்படுத்தினர். அலாரிப்பில் தொடங்கி ஜதிசுரம், சப்தம், வர்ணம், பதம் என வளர்ந்து தில்லானாவில் நிறைவடையும் கச்சேரி வரிசை இவர்களால் நிலைபெற்றது. இன்று உலகெங்கும் நடக்கும் பரதநாட்டிய அரங்கேற்றங்கள் அந்த வரிசையையே பின்பற்றுகின்றன. ஐரோப்பியக் கருவியான பிடிலைக் கருநாடக இசைக்கு ஏற்றபடி பழக்கியவர்களில் வடிவேலுவும் தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியும் முன்னோடிகள். அரண்மனையில் மேலைநாட்டு வாத்தியங்களைக் கொண்ட பாண்டு வாத்தியக் குழு இருந்ததும், மன்னரே மேலை இசையில் பயிற்சி உள்ளவராக இருந்ததும் இந்தப் பரிசோதனைகளுக்குத் தோதாயின.

கலை வரலாறு எழுதுவோர் இந்த இடத்தில் உற்சாகத்தில் ஆட்டக்காரிகளை மறந்துவிடுகின்றனர். அடவுகளை வகுத்தவர்களின் பெயர்கள் நிலைத்தன. அவற்றை உடலில் ஏந்திக் காத்த பெண்களின் பெயர்கள் அரண்மனைச் சம்பளக் கணக்குகளில் வெறும் பெயர்களாக முடங்கின. பிரதாபசிம்மனின் அவையைச் சேர்ந்த முத்துப்பழனி தெலுங்கில் எழுதிய ராதிகா சாந்த்வனம் விதிவிலக்கு. அந்த நூலையும் 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் முழுமையாகப் பதிப்பித்தபோது, ஆபாசம் என்று கூறி அரசு தடைசெய்தது.

நகரத்தின் கைவினையும் இந்தக் காலத்தில்தான் தன் அடையாளத்தைப் பெற்றது. தஞ்சாவூர் ஓவியம் என்று இன்று விற்கப்படுவதைத் தொழிலில் உள்ளவர்கள் பலகைப் படம் என்பார்கள். பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் கோந்தும் சேர்ந்த மக்கைப் பூசி, நகையும் தூணும் திரையும் வரும் இடங்களை அதே மக்கால் மேடாக்கி, கண்ணாடிக் கற்களைப் பதித்துத் தங்க ரேக்கு ஒட்டிய பிறகே வண்ணம் தீட்டுவது முறை. அரண்மனையின் பூசையறைகளுக்கும் அரசகுலத்தோர் உருவப்படங்களுக்கும் இருந்த தேவையே இந்தத் தொழிலை ஊன்றச் செய்தது.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கொடை தண்ணீர். நகரின் மேற்கே சேவப்பநாயக்கன் ஏரியில் சேரும் மழைநீர் சிவகங்கைக் குளத்துக்கு வந்து தெளிந்து, அங்கிருந்து நிலத்தடிக் குழாய்கள் வழியே அரண்மனைக்கும் வீதிக் குளங்களுக்கும் பாயும் அமைப்புக்கு ஜலசூத்திரம் என்று பெயர். நாயக்கர் காலத்தில் தொடங்கி மராட்டியர் காலத்தில் விரிந்த இந்த வலைப்பின்னல், ஆறு தொடாத மேட்டில் இருக்கும் கோட்டைக்குக் குடிநீர் தந்தது. மேல வீதியை ஒட்டிய அய்யன்குளம் அண்மை ஆண்டுகளில் சீரமைக்கப்பட்டபோது, தூர்ந்து மறந்துபோயிருந்த அந்தப் பழைய வாய்க்கால் வழியாகவே மீண்டும் நீர் வந்தது.

இவை அனைத்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியைத் தவிர்க்க இயலாது. மன்னருக்குரிய ஐந்தில் ஒரு பங்கு, மழையிலும் சேற்றிலும் நின்ற பண்ணையாட்களின் உழைப்பிலிருந்து வந்தது; அதைத் தண்டியது கம்பெனியின் கலெக்டர். கூடுதல் வருவாய் என்றால் கூடுதல் பங்கு என்ற ஏற்பாட்டில், குடியானவனை நெருக்குவதால் வரும் கெட்ட பெயர் கம்பெனிக்கும், அதில் கட்டிய சத்திரத்தின் நற்பெயர் அரண்மனைக்கும் சேர்ந்தன. நாட்டுப்புறம் இழந்ததையே நகரம் பெற்றது என்று இதைச் சொல்வது கடுமையாகத் தோன்றலாம்; ஆயினும் தவறாகாது.

கல்லில் எழுதிய குலமுறை

1803இல், நாடு கைவிட்டுப்போன நான்காம் ஆண்டில், சரபோஜி தம் குடும்பத்தின் வரலாறு முழுவதையும் பெரிய கோயிலின் தென்மேற்குத் திருச்சுற்றுச் சுவரில் மராட்டி மொழியில் பொறிக்கச் செய்தார். அரசவைச் செயலர் பாபுராவ் இயற்றிய போன்ஸ்லே வம்ச சரித்திரம் என்ற இந்தக் கல்வெட்டு, இந்தியாவின் மிக நீண்ட கல்வெட்டுகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. இராசராசன் தன் வெற்றிகளையும் கொடைகளையும் பொறித்த அதே கோயிலில், வெற்றிகளோ கொடுப்பதற்கு நாடோ இல்லாத மன்னர் தம் முன்னோர் பெயர்களைப் பொறித்ததில் ஒரு கணக்கு இருந்தது. கம்பெனி ஆவணங்களில் ஓய்வூதியம் பெறுபவராகக் குறுகிவிட்டவர், கோயில் சுவரில் மன்னர் குலத்தவராகவே நீடித்தார்.

1832இல் அவர் இறந்தபின் பட்டமேற்ற மகன் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசின்றி இறந்தார். ஆண் வாரிசு இல்லாத சுதேச அரசுகளைக் கம்பெனியே எடுத்துக்கொள்ளும் கொள்கையின்படி தஞ்சைப் பட்டம் ஒழிக்கப்பட்டது. 1856இல் அரண்மனைக்குப் படையோடு வந்த கம்பெனி அதிகாரி, அரச உடைமையோடு குடும்பத்தின் தனிச் சொத்துகளையும் முத்திரையிட்டுக் கைப்பற்றினார். மூத்த அரசி காமாட்சி பாய் சென்னை உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து வென்றார். மேல்முறையீட்டில், லண்டன் பிரிவி கவுன்சில் 1859இல் அந்தத் தீர்ப்பை மாற்றியது. ஓர் அரசு இன்னோர் அரசின்மீது மேற்கொள்ளும் நடவடிக்கை சரியா தவறா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்பது அதன் நிலைப்பாடு; அரசின் செயல் என்ற இந்தக் கோட்பாட்டுக்குச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் முன்னுதாரணம் தஞ்சை அரசியின் வழக்குதான். கருணை என்ற பெயரில் தனிச் சொத்துகளின் ஒரு பகுதி 1862இல் அரசியருக்குத் திருப்பித் தரப்பட்டது.

அரண்மனை அடுப்பு அணைந்ததும் கலைஞர்கள் ஊரை விட்டுக் கிளம்பினர். நால்வரில் வடிவேலு முன்பே திருவிதாங்கூரில் சுவாதித் திருநாளிடம் சென்றிருந்தார். சின்னையாவும் மைசூர் சென்றிருந்தார். 1880இல் தஞ்சை அரசகுலத்துப் பெண்ணொருவர் பரோடா மன்னர் மூன்றாம் சயாஜிராவை மணந்தபோது, சீரோடு நாட்டியக் குழு ஒன்றும் குஜராத்துக்குப் போயிற்று. எஞ்சியவர்களில் பெரும்பாலோர், 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு வந்த ரயில் பாதை நீண்டு சென்னையைத் தொட்டதும், சபாக்களை நாடிப் போனார்கள். சென்னையின் மார்கழிக் கச்சேரிகளை நிரப்பிய வித்வான்களின் பெயருக்கு முன்னால் நிற்கும் ஊர்ப்பெயர்களில் பல, பழைய தஞ்சை அரசின் ஊர்கள்.

நகரத்தில் தங்கியவையும் உண்டு. சுவடிகளின் பட்டியலைச் சமஸ்கிருத அறிஞர் ஏ.சி. பர்னல் 1880இல் வெளியிட்டபின் அவற்றின் மதிப்பு வெளியுலகுக்குத் தெரிந்தது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின் அரச குடும்பத்தார் நூலகத்தை விட்டுக்கொடுக்க, 1918இல் அது பொது நிறுவனமாயிற்று. பெரிய கோயில் உட்பட 88 கோயில்களைக் கொண்ட அரண்மனை தேவஸ்தானத்தின் பரம்பரை அறங்காவலர் பொறுப்பு இன்றும் அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது. யாருக்கு எவ்வளவு சம்பளம், எந்தச் சத்திரத்தில் எத்தனை படி அரிசி, எந்த ஆட்டத்துக்கு என்ன சன்மானம் என்று அரண்மனை நாள்தோறும் மோடி எழுத்தில் எழுதிவைத்த கணக்குகள் நூற்றுக்கணக்கான மூட்டைகளாக நூலகத்தில் உள்ளன. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருப்பதால், மீதி மூட்டைகள் இன்னும் அவிழ்க்கப்படவில்லை.